பூட்டு வீட்டு அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளியதும் அந்த வாசனை வந்தது. பாச்சை உருண்டை, வெயில் காணாத மெத்தை, சுவரில் ஊறிய ஈரம். நீங்கள் உடம்பு முடியாமல் கோலாலம்பூருக்குப் போனதிலிருந்து நான்கு மாதம் ஆள் இல்லாமல் கிடந்த வீடு. முன்பெல்லாம் ஒவ்வொரு டுரியான் பழப் பருவத்துக்கும் நீங்கள் வருவதற்கு முதல் நாள் இதே வாசனைக்குள்தான் நான் நுழைவேன். ஜன்னல்களைத் திறந்து, குழாயில் துருத்தண்ணீர் ஓடி முடியும்வரை நின்று, மெத்தைகளை வெயிலில் சாய்த்துவிட்டுப் போவேன். இன்றும் அதையே செய்தேன். நாளை உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம். மகள் வெளிநாட்டிலிருந்து வந்து கோலாலம்பூரில் உங்கள் தங்கை வீட்டில் இருக்கிறாள். நாளைக் காலை எல்லோரும் இங்கே வருகிறார்கள். "அங்கிள், அம்மாவின்ரை வீட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கோ" என்று நேற்று போனில் சொன்னாள். குரல் உங்களுடையது மாதிரியே இருந்தது.

அக்கா என்று உங்களைக் கூப்பிட எனக்கு ஆறு வருடம் பிடித்தது. அதுவரை உங்களை எப்படியும் கூப்பிடாமலே பேசிவந்தேன். "தண்ணி வருதா", "எப்ப திரும்பறது" என்று ஆள் இல்லாத வாக்கியங்களாகப் பேசுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி. ரப்பர்த் தோட்டத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆபீஸ் கணக்குப் பார்த்த கிராணியின் மகளான உங்களை, கூலி லயத்துப் பிள்ளைகள் நாங்கள் சின்னம்மா என்று கூப்பிட வேண்டும். பெரியவன் ஆனதும் அந்தச் சொல்லை இனி வாயில் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதற்குப் பதிலாக வேறு ஒன்றைத் தேட மனம் வரவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்கள். கேட்கவில்லை.

நான் சுலபத்தில் மறக்கிறவன் இல்லை. அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வந்து என்னைத் தாண்டிப் போனவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவனை முப்பது வருடம் படம் வரைய வைத்த முதலாளியின் முகம் இன்றும் கண்முன் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் அப்பா. என் அம்மா இந்தத் தோட்டத்து லயத்தில்தான் பிறந்தார். இங்கே பிறந்தவர் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கிடைத்திருந்தால் அவருக்குக் குடியுரிமை கிடைத்திருக்கும். கிராணி கையெழுத்துப் போட வேண்டிய கடிதம். அம்மா அதற்காக ஆபீஸ் படியில் எத்தனை நாள் நின்றார் என்று எனக்குத் தெரியும், கூட நின்றவன் நான். கடைசிவரை சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தார், பிறந்த மண்ணில் அந்நியராக. இதை நான் மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. நீங்களும் அதைக் கேட்டதில்லை.

ஆனால் நன்றி என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிப் பழக்கமில்லாததால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், உங்கள் கார் நிற்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே மங்குஸ்தான் மரம். மரத்தடியில் அந்தக் கல்.

தோட்டம் விற்கப்பட்டபோது லயத்து ஆட்களுக்குப் பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம், பழைய கிராணி வீடும் டுரியான் மரங்களும் இருந்த மேட்டு நிலத்தை, அரை ஏக்கர் மனைகளாகப் பிரித்து நகரத்து ஆட்களுக்கு விற்றார்கள். சனி, ஞாயிறுக்கும் பழப் பருவத்துக்கும் வந்து தங்குவதற்கான வீடுகள். அந்த மனைகளுக்குப் படம் போட்டுக் கொடுத்தது சிரம்பானில் நான் வேலை பார்த்த நிறுவனம். கோடு கோடாக வரைந்தவன் நான். என் அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டிய மண்ணைக் கோலாலம்பூர்ப் பல் டாக்டருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் உங்களுக்கும் பங்கு பிரித்து வரைந்தபோது, பென்சில் கொஞ்சம் அழுத்தமாகவே ஓடியது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆட்கள் அவற்றைப் பூட்டு வீடுகள் என்றார்கள். வருடத்தில் பத்து மாதம் பூட்டுத்தான் குடியிருந்தது. லயத்துக் காலத்திலிருந்து முப்பது வருடமாகக் கேட்டும் எங்கள் பக்கம் வராத குழாய்த் தண்ணீர், அங்கே இரண்டு மாதம் குளிக்கிறவர்களுக்கு ஒரே வருடத்தில் வந்தது. தார் ரோடு வந்தது, விளக்குக் கம்பம் வந்தது. நான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். மனிதர்கள் இருக்கும் வீட்டில் தண்ணீர் இல்லை, பூட்டு இருக்கும் வீட்டில் இருக்கிறது என்று. அதே குழாயிலிருந்துதான் பிறகு எங்கள் பக்கத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள் என்பதை எழுதிப் போடவில்லை. நீங்கள் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தீர்கள். "நல்லா எழுதியிருந்தியள். தண்ணி வந்த பிறகு ஒண்டு எழுதுவியள் எண்டு பாத்தன்" என்றீர்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் பேச்சை மாற்றினீர்கள்.

இனி அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டும்.

மனை பிரிக்கும் முன் நிலத்தை நடந்து பார்க்க நாங்கள் வந்தோம். வழி காட்டப் பழைய ஆட்களில் ஒருவர் வேண்டும் என்றதும் காளியப்பன் மாமா பராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். ஒவ்வோர் எல்லைக் கல்லையும் புதரை வெட்டிக் காட்டினார். கிணறு, பழைய ஆட்டுக் கொட்டகை, எல்லாம் கை நீட்டிக் காட்டினார். கிராணி வீட்டுக்குப் பின்னால் ஓர் இடத்துக்கு வந்ததும் எதுவும் சொல்லாமல் தாண்டிப் போனார். நானும் தாண்டிப் போனேன்.

அது மயானத்துக்குப் போகும் பாதை. அதை நம் ஆட்கள் கை நீட்டிக் காட்ட மாட்டார்கள். சாவு விழுந்த நாளில் தவிர வேறு நாளில் அந்தப் பக்கம் விரல் நீட்டக் கூடாது, நீட்டினால் வீட்டில் ஒருவரை அது கூட்டிக்கொண்டு போகும் என்று சிறு வயதில் என் கையில் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் நம்பாதவன் நான். படித்தவன். ஆனாலும் அன்று என் வாய் திறக்கவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தபோதும் கை அந்த இடத்துக்குப் போகவில்லை. தோட்டத்துப் பழைய படத்திலும் அந்தப் பாதை கிடையாது, ஆகவே நான் எதையும் விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மயானம் தாளில் இருந்தது. அதற்குப் போகும் வழிதான் இல்லை. அப்பாவின் பாடைக்குப் பின்னால் நான் நடந்த வழி, உங்கள் மனைக்குள் ஒரு கோடுகூட இல்லாமல் மறைந்துபோனது.

பாதி வழியில் இருக்கும் இறக்குக்கல்லும் அதோடு போயிற்று. நம் வழக்கத்தில் பாடையை வீட்டிலிருந்து தூக்கினால் அந்தக் கல்லில்தான் இறக்க வேண்டும். அங்கே திசையை மாற்றித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இடையில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது.

உங்கள் வீடு கட்டி முடிகிற சமயத்தில் காளியப்பன் மாமா இறந்தார். பழப் பருவம் இல்லாத மாதம். மேட்டில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. தூக்கிக்கொண்டு வந்தோம், உங்கள் வேலிக்கு முன்னால் நின்றோம். கான்ட்ராக்டர் படத்தைப் பார்த்து எல்லை நெடுகக் கம்பி வேலி போட்டு, கேட்டில் பூட்டும் போட்டிருந்தார். வெயில் கொளுத்துகிறது. கீழே வைக்க முடியாது. நான்கு பேர் தோள் மாற்றி, மறுபடி நான்கு பேர் தோள் மாற்றி நின்றார்கள். வேலியில் கட்டியிருந்த பலகையில் கான்ட்ராக்டர் நம்பர் இருந்தது. அவரைப் பிடித்து, அவர் மூலம் உங்களைப் பிடித்தோம். போனை நான்தான் வைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"பூட்டை உடையுங்கோ. ஆளை வெயிலுக்கை நிக்க வைக்காதேங்கோ. நான் வாறன்."

உடைத்தோம். அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பி வரும்போது நீங்கள் காரை ரோட்டில் விட்டுவிட்டு உடைந்த கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். நாற்பது ஆண்கள் கொதித்துப்போய் வந்தோம். நீதானேய்யா படம் போட்டது, வழி எங்கே என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அன்று நான் சொன்ன பதில் இதுதான்.

"படத்துல வழி இருக்குலா. நான்தானே வரைஞ்சேன். இவங்கதான் அடைச்சிட்டாங்க. கிராணி புத்தி எங்க போவும்?"

உங்கள் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவர்களைப் பார்த்துக் கை கூப்பினீர்கள்.

"பிழை என்னிலைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி இந்தக் கேட் இருக்காது."

அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரச் சொல்லவில்லை நான். நீங்களாக உட்கார்ந்து, கோப்பிலிருந்து உங்கள் மனையின் படத்தை எடுத்து மேசையில் விரித்தீர்கள். கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்று போட்டிருக்கும் கட்டத்தில் விரலை வைத்தீர்கள்.

"உங்கடை கையெழுத்து வடிவா இருக்கு, தம்பி."

சமையலறையில் என் மனைவி இருந்தாள். நீங்கள் குரலை ஏற்றவில்லை. படத்தில் பாதை இல்லாததைப் பார்த்து, ஆட்களுக்கு வேறு வழி வைத்திருப்பார்கள் என்று நினைத்ததாகச் சொன்னீர்கள். சிறு வயதில் பாடை போகும்போதெல்லாம் உங்கள் அம்மா ஜன்னலைச் சாத்தச் சொல்வார், நீங்கள் இடுக்கு வழியாகப் பார்ப்பீர்கள், அதனால் அந்தப் பாதை உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றீர்கள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான்தான் கேட்டேன், ஏன் அங்கேயே படத்தை விரித்துக் காட்டவில்லை என்று.

"நீங்க அவையோடை இருக்க வேண்டிய ஆள். நான் சீசனுக்கு வாறவள். என்னைக் கோவிச்சா எனக்கென்ன, திங்கட்கிழமை நான் கே.எல்.லை இருப்பன்."

பிறகு, எழுந்து நின்றுகொண்டு, இன்னொன்றையும் சொன்னீர்கள். என் அம்மாவின் கடிதத்தைப் பற்றி. அந்தக் கடிதத்தை டைப் செய்தது நீங்கள். பள்ளி விடுமுறையில் அப்பாவின் ஆபீசில் டைப் பழகப் போவீர்களாம். அது கையெழுத்துக்காக மேசை இழுப்பறையில் கிடந்ததைப் பார்த்தீர்கள். ஒரு முறை கேட்டீர்கள், உனக்கென்ன வேலை என்றார் அப்பா. மறுபடி கேட்கவில்லை. "அதுக்கு இதை ஈடு எண்டு நினைக்காதேங்கோ. அது வேறை, இது வேறை. சொல்ல வேணும்போலை இருந்தது, சொல்லிப்போட்டன்."

போகும்போது சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். பருவம் இல்லாத மாதங்களில் வீட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. கிராணி வீட்டுச் சாவியை நான் வைத்திருப்பதா என்று மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட நினைத்தேன். கொடுக்கவில்லை.

வழியைச் சரி செய்ய உங்கள் மனையில் ஒரு பட்டையைப் பிரித்து, பொதுப் பாதையாக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். படத்தை நான் வரைய வேண்டும், கையெழுத்து நீங்கள் போட வேண்டும். எத்தனை அடி அகலம் என்று கேட்டீர்கள். பத்து அடி போதும் என்றேன். "நாலு பேர் தூக்கி, ரெண்டு பக்கமும் ஆக்கள் நடக்க வேணும். கல்லடியிலை திருப்ப வேணும். போதுமோ?" என்றீர்கள். தெரியாது என்றேன். அப்படியென்றால் தூக்கிப் பார்ப்போம் என்றீர்கள்.

அந்தக் காலையை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். வெறும் பாடையைத் தூக்கக் கூடாது, ஆகவே உங்கள் வீட்டு ஏணியை எடுத்தோம். வெறும் ஏணியும் பாடை மாதிரி இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் முகம் சுளித்ததால், அதன்மேல் இரண்டு கூடை டுரியானை ஏற்றி வைத்தீர்கள். நானும் மூன்று பேரும் தோளில் தூக்கிக்கொண்டு கல்லைச் சுற்றித் திரும்புகிறோம். முள் பழம் ஒன்று உருண்டு என் காலில் விழுகிறது. நீங்கள் அளவு நாடாவோடு பின்னால் வருகிறீர்கள். பக்கத்து மனைப் பல் டாக்டர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டார். பழம் இறக்குகிறோம், இங்கே வழக்கம் இப்படித்தான் என்று முகம் மாறாமல் பதில் சொன்னீர்கள். அவர் அதை நம்பி, அடுத்த வருடம் தன் வீட்டுப் பழத்தையும் நான்கு பேர் வைத்துத் தூக்கச் சொன்னார்.

பதினான்கு அடி வந்தது. பதினான்கே எழுதிக் கொடுத்தீர்கள். கோப்பு மேசை மேசையாகப் போய்த் திரும்ப மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் கேட்டை எடுத்துவிட்டீர்கள். பாதை தொடங்கும் இடத்தில் மூன்று குழாய் வைத்தீர்கள், அடக்கம் முடிந்து வருகிறவர்கள் கால் கழுவ. ஓய்வுக்குக் கட்டிய வீட்டின் முற்றத்தில் பாடை இறங்கும் கல்லை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறாய் என்று கோலாலம்பூரிலிருந்து வந்த உங்கள் தங்கை கேட்டார். "அவை வந்து போறவை. என்னைப்போலை" என்றீர்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதிவிடலாம். அஞ்சலை அத்தை மட்டும் இல்லாவிட்டால்.

காளியப்பன் மாமாவின் மனைவி. அன்று பெண்கள் யாரும் மயானத்துக்கு வரவில்லை, நம் வழக்கம் அப்படி. அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் காதுக்குப் போனது நான் சொன்ன பதில். கிராணி மகள் வழியை அடைத்துப் புருஷனை வெயிலில் நிற்க வைத்தாள். ஒவ்வொரு பருவத்திலும் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் என் கையில் பழம் கொடுத்து அனுப்புவீர்கள். அத்தை வீட்டுப் பழம் மறுநாள் காலையில் உங்கள் வேலியோரம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும், முள் மேலே பார்க்க, அடுக்கி வைத்தாற்போல. "அவவுக்கு நெஞ்செரிவாக்கும்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு உள்ளே போவீர்கள். இரண்டு முறை நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றீர்கள். அவர் உங்களைக் கோபித்துப் பழகிவிட்டார், இப்போது போய்க் குழப்ப வேண்டாம் என்று. நான் உடனே சரி என்றேன். அந்த உடனேயைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் கணவர் இறந்த வருடம், பருவம் முடிந்தும் நீங்கள் திரும்பவில்லை. எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன். "இந்த சீசன் முடியப் போவன்" என்றீர்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னீர்கள். எட்டு வருடம் அந்தப் பருவம் முடியவே இல்லை. உங்களைப் பார்த்து ஓய்வுபெற்ற அதிகாரியும் வந்து தங்கினார். பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பிறகு, இங்கிருந்து சிரம்பானுக்குக் காரில் போய்க் கொமியூட்டர் ரயில் பிடித்துக் கோலாலம்பூரில் வேலை பார்க்கலாம் என்று இளம் குடும்பங்கள் கண்டுகொண்டன. மேட்டுக்குப் பின்னால் இருந்த மீதி நிலத்தில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. பல் டாக்டர் தன் மனையை வீடு கட்டுகிறவர்களிடம் விற்றுவிட்டுப் போனார். உங்களையும் கேட்டார்கள், பலமுறை. கொடுக்கவில்லை. நகரம் இங்கே முதலில் விடுமுறைக்கு வந்தது, பிறகு திரும்பிப் போக மறந்தது. இத்தனை வருடம் இதற்குப் படம் வரைந்தவன் நான், ஆனாலும் நகரம் எப்படி நகர்கிறது என்பதை உங்கள் துணி காயும் கொடியைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். முதலில் அதில் இரண்டு துண்டு காயும், ஞாயிற்றுக்கிழமை. பிறகு எல்லா நாளும்.

நீங்கள் போகாமல் இருந்துவிட்ட அந்த வருடத்தோடு, என்னைக் காப்பாற்ற நீங்கள் சொன்ன காரணமும் முடிந்துவிட்டது, அக்கா. அதற்குப் பிறகு நீங்கள் சீசனுக்கு வருகிறவர் இல்லை. எங்களில் ஒருவர். சந்தையில் அஞ்சலை அத்தை உங்களைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்குப் போவார், நீங்கள் அதைப் பார்க்காத மாதிரி வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பீர்கள். பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று இத்தனை ஞாபகம் வைத்திருப்பவன், நான் செய்ததை ஒரு நாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

போன வாரம் கடையில் தே குடித்துக்கொண்டிருந்தேன். சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் வரிசைப் பையன் ஒருவன், புதுக் குடியிருப்பு ஆள் ஒருவருக்கு ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தான். உங்கள் வீட்டைச் சொல்கிறான் என்று புரிந்தது. "அந்த வூடா? அந்த அம்மா செத்தவங்களையே உள்ள வுடாம பூட்டுனவங்க லா. இப்பதான் அவங்களே போயிட்டாங்க." கெட்ட மனதோடு சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னான். அவனுக்கு அப்போது ஏழு வயது இருந்திருக்கும். நான் சொன்ன பொய் வளர்ந்து, வேலைக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டது. பதினான்கு அடி எழுதிக் கொடுத்தவருக்கு இந்த ஊரில் மிஞ்சப் போகிற பெயர் அதுதான்.

அவனைக் கூப்பிட்டுத் திருத்தினேன். அது போதாது என்று தெரியும்.

இன்று காலை ஜன்னல்களைத் திறந்துவிட்டு, உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். பாச்சை உருண்டை மணத்தது. மடித்து எடுத்துக்கொண்டு அஞ்சலை அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படத்தை விரித்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மயானம் எங்கே, உங்கள் மனை எங்கே என்று காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, இதை வரைந்தவன் நான், வழியை அடைத்தது நீங்கள் இல்லை, நான் சொன்னது பொய் என்றேன். சொல்லும்போது நின்றுகொண்டே சொன்னேன், அம்மா ஆபீஸ் படியில் நின்ற மாதிரி.

அத்தை கீரையைக் கீழே வைக்கவில்லை. ரொம்ப நேரம் ஆய்ந்துகொண்டே இருந்தார்.

"உன்னக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் காட்டுனது யாரு? அவருதானே. பராங்கத் தூக்கிக்கிட்டு முன்னால போனாரே. அவரே அந்தப் பக்கம் கை காட்டல. நீ என்னாத்த வரையிறது?"

படத்தை மடித்தேன்.

"அந்தப் பொம்பளைக்கித் தெரியுமா, நீதான்னு?"

முதல் நாளிலிருந்தே தெரியும் என்றேன்.

"அப்பறம் ஏன் சொல்லல?"

நான் நம் ஆட்களோடு இருக்க வேண்டியவன் என்பதற்காக என்றேன். அத்தையின் கை அப்போதுதான் நின்றது.

"இத்தன சீசன் பழத்தத் தூக்கிட்டுப் போயி வச்சேனே லா. முட்டி வலியோட." கீரையை ஓரமாக ஒதுக்கி வைத்தார். "உன்ன மன்னிக்கிறத அப்பறம் பாத்துக்குவோம். அதுக்கு நாளாவும். மொத அந்த வூட்டுக்கு என்னக் கூட்டிட்டுப் போ."

கூட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் முற்றத்துக்குள் அவர் கால் வைத்தது இன்றுதான். வீட்டுக்குள் வரவில்லை. நேராகக் கல்லுக்குப் போனார். பெண்கள் வராத பாதை என்பதால், புருஷனை இறக்கி வைத்த கல்லை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. குனிய முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். பிறகு குழாயைத் திறந்து கால் கழுவினார். டுரியான் மரத்தடியில் இன்று விழுந்திருந்த முதல் பழத்தைத் தானே எடுத்து, சேலை முந்தானையால் காம்பைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு வருகிறேன், அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட நாங்கள் ரோட்டுக்கு வந்தபோது ஒரு கார் நின்றது. புதுக் குடியிருப்பில் இருக்கும் பெண், கழுத்தில் அலுவலக அட்டை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள்.

"அங்கிள், இந்த ரோடு எங்க போவுது? மேப்ல காட்டுது, ஆனா பேரு இல்ல."

நாம் வரைந்த பாதை, அக்கா. இப்போது எல்லோருடைய போனிலும் இருக்கிறது. பழக்கத்தில் நான் தாடையைத்தான் அசைத்தேன், அந்தப் பக்கம் என்று. அத்தை பழத்தைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"கையக் காட்டிச் சொல்லு லா."

உங்கள் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. நாளை மகள் கேட்டால் கொடுப்பேன், கேட்காவிட்டால் வைத்துக்கொள்வேன். அடுத்த பருவத்துக்கு முதல் நாளும் யாராவது ஜன்னல்களைத் திறக்க வேண்டும் அல்லவா. உங்கள் அப்பாமேல் எனக்குள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். இரண்டுக்கும் என்னிடம் இடம் உண்டு என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். அதுவும் நீங்கள் பிரித்துக் கொடுத்த இடம்தான்.

வலது கையை நீட்டி, பாதை திரும்பும் இடம்வரை காட்டினேன். எங்கள் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். படம் வரைந்த அதே கைதான், அக்கா.